கூட்டக் குறிப்பில் எழுதாதவை

உருளைக்கிழங்குக் கிடங்கில் கூட்டம்.
இரண்டு ஊருக்கும் பொதுவாக
வேறு கூரை இல்லை.
வந்தவர் எண்பத்தொன்று, நாற்காலி அறுபது.
ஹோக்மேடன்காரர்கள் ஜன்னல் ஓரம்,
ஸ்வார்ட்ஸைல்காரர்கள் தராசு ஓரம்,
நடுவே யாரும் வெட்டாத ஒரு கால்வாய்.
பேனா என்னிடம்.
இங்கே பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவள்,
இருவருக்கும் நம்பிக்கை,
இருவருக்கும் சந்தேகம்.

'வரவு செலவு வாசிக்கப்பட்டது' என்று எழுதினேன்.
வெந்நீர்க் கட்டணம் வந்ததும்
வுப்போ கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை
எழுதவில்லை.

ஆட்கள்: அங்கே எட்டு, இங்கே ஒன்பது.
சேர்த்தால் பதினேழு.
ஓர் அணி, வெளியே உட்கார ஆறு பேர்.
உட்காரவைக்க ஆள் இருப்பது எத்தனை பெரிய வசதி!
கணக்கு இவ்வளவு எளிதாக இருந்ததால்தான்
யாருக்கும் பிடிக்கவில்லை.

ஹோக்மேடன் ஆடுவது சனிக்கிழமை;
ஞாயிறு ஆண்டவருடையது.
ஸ்வார்ட்ஸைல் ஆடுவது ஞாயிற்றுக்கிழமை;
சனிக்கிழமை வைக்கோல் அட்டை ஆலையுடையது.
ஆலை மூடி நாற்பது வருடம்.
தேவாலயத்தில் இப்போதெல்லாம்
மூன்று வரிசைதான் சூடாகிறது.
இருந்தாலும் கிழமை கிழமைதான்.

'சேர்ந்தால் எந்தக் கிழமை?'
'புதன்!' என்றான் பின்னாலிருந்து ஒரு பையன்.
சிரிப்பை எழுத எனக்கு அதிகாரமில்லை.

உணவகம் நடத்தும் ஜான்டீனா எழுந்தாள்:
'எந்த எண்ணெய்ச்சட்டி மிஞ்சும்,
என்னுடையதா, அவளுடையதா?'
பதில் வரவில்லை.
அவள் உட்காரவுமில்லை.
கூட்டம் முடியும்வரை நின்றபடியே இருந்தாள்.

அப்புறம் ஹார்மானுஸ்.
வயது ஐம்பத்தொன்று; வேறு ஆளில்லாததால்
இன்னும் தற்காப்பில் ஆடுகிறவர்.
தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு கேட்டார்:
'அவர்களோடு சேர்ந்துவிட்டால்
அவர்களை யார் தோற்கடிப்பது?'

கிடங்கு முழுக்க
கிழங்கின் மண்வாசம் மட்டும்.

ஒரே லீக்கில் நாங்கள் மோதியதே இல்லை,
கிழமை விடவில்லை.
ஆகஸ்டில் ஒரு நட்பு ஆட்டம்;
நட்பு சுவரொட்டியோடு சரி.
பங்காளிக்கு வேலி வைப்பதுபோல்
வருடம் முழுக்க அதற்காக வலை பின்னுவோம்.
அப்படியொரு மாலையில்தான்
ஃப்ரேர்க்கின் முழங்கால்
ஹார்மானுஸின் பூட்ஸுக்குக் கீழே முறிந்தது.
ஆறு மாதம், வாரம் தவறாமல்,
ஃப்ரேர்க் வீட்டு வாசலில் ஒரு பை பேரிக்காய்.
மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போனது யாரென்று
தெருவுக்கே தெரியும்.

ஃப்ரேர்க் இப்போது எழுந்தான்,
நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு.
'என் அணிக்கு வந்துவிட்டால்
யார் காலை உடைப்பாய், ஹார்மானுஸ்?'
முதலில் சிரித்தது ஹார்மானுஸ்தான்.
அது சிரிப்புதானா என்று
எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.
'விவாதம் நடைபெற்றது' என்று எழுதினேன்.

வாக்குச் சீட்டுகள் பந்துப் பையில் விழுந்தன.
மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்: ஐம்பத்துநான்கு.
சேரலாம்: ஐம்பத்துமூன்று.
வேண்டாம்: இருபத்தேழு.
வெற்றுச் சீட்டு: ஒன்று.

அந்த ஒன்று யாருடையது என்று
எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள்.
நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

நாற்காலிகளை அடுக்கும்போது
பக்கம் பார்த்து அடுக்கவில்லை.
பாலம்வரை ஒரே கும்பலாக நடந்து
பாலத்தில் பிரிந்தார்கள்.
யாரோ ஒருவர் பிரிய மறந்து
எதிர்ப்பக்கம் கொஞ்சதூரம் போய்த் திரும்பினார்.

அந்தச் சனிக்கிழமை
ஒன்பது பேரோடு போனோம், ஏழு கோல் வாங்கினோம்.
ஞாயிறன்று ஸ்வார்ட்ஸைலுக்கு ஆள் போதவில்லை,
ஆட்டமே நடக்கவில்லை.
அது நான் எழுதவேண்டிய குறிப்பேட்டில் வராது.
திங்கள் இரவு ஹார்மானுஸ் கூப்பிட்டார்.
'பழையபடி ஒரு நட்பு ஆட்டம் வைப்போமா,
ஆகஸ்டுவரை காத்திருக்காமல்?'
இரண்டு ஊரிலும் சேர்த்துப் பதினேழு பேர்,
யாருக்கு எதிராக என்று கேட்க வந்து
கேட்காமல் விட்டேன்.

அந்த ஆட்டம் எப்போதுமே புதன்கிழமைதான்.
அந்தப் பையனுக்கு அது தெரியுமோ என்னவோ.